ஒரே மிளகாய்த்தூள், இரண்டு ரிப்போர்ட்: என்ஏபிஎல்லுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்லி பவானா தொழிற்பேட்டையில் மிளகாய்த்தூள் அரைத்து பாக்கெட் போடும் தமிழர் ஒருவர், காரி பாவ்லி மசாலாச் சந்தையில் வாங்கிய வத்தலை அரைத்து, ஒரே லாட்டிலிருந்து இரண்டு லேப்களுக்கு அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு லேப் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் என்றது, இன்னொன்று 14 என்றது. ஐரோப்பாவில் இருக்கும் வாங்குபவர் 10-க்கு மேல் போகக்கூடாது என்கிறார். இரண்டு ரிப்போர்ட்டிலும், லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் முத்திரை இருக்கிறது. "அப்படியென்றால் அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு? என்ஏபிஎல்லைக் கண்காணிக்கும் அரசுத் துறை எது? அமைச்சருக்கே மனு போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

மனு போடலாம், பதிலும் வரும். ஆனால் உங்கள் லாட் விஷயத்தில் அந்த மனுவால் ஒன்றும் நகராது. காரணம், என்ஏபிஎல் மேல் அரசுக்கு இருக்கும் பிடி நேரடியான பிடி அல்ல. பெரும்பாலும் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கே பிடி இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்பது தானாக விளங்கும்.

பொருள்களுக்குத் தரம் நிர்ணயிக்கும் பிஐஎஸ்-க்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-க்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. என்ஏபிஎல்லுக்கு என்று நாடாளுமன்றம் போட்ட சட்டம் எதுவும் கிடையாது. முன்பு அது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ், 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான தன்னாட்சி அமைப்பாக இருந்தது. 2016-இல் இந்தியத் தர கவுன்சிலோடு, அதாவது க்யூசிஐ-யோடு இணைக்கப்பட்டு, அதன் உறுப்பு வாரியங்களில் ஒன்றானது. ஆஸ்பத்திரிகளுக்கான என்ஏபிஎச், சான்றளிப்பு அமைப்புகளுக்கான என்ஏபிசிபி இரண்டும் அதே குடையின் கீழ்தான் இருக்கின்றன.

க்யூசிஐ-யும் அரசு இலாகா அல்ல. 1996-இல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, அரசும் அசோசெம், சிஐஐ, ஃபிக்கி என்ற மூன்று தொழில் கூட்டமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. அதுவும் பதிவு பெற்ற சங்கம்தான். அரசுத் தரப்பில் அதற்குப் பொறுப்பான துறை வர்த்தக, தொழில் அமைச்சகத்தில் உள்ள தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, சுருக்கமாக டிபிஐஐடி. தலைவரைப் பிரதமர் நியமிக்கிறார். ஆட்சிக்குழுவில் அமைச்சகங்களின் பிரதிநிதிகளும் தொழில்துறையினரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே "மேலே யார்?" என்ற கேள்விக்குக் காகிதத்தில் உள்ள பதில்: என்ஏபிஎல்லுக்கு மேலே க்யூசிஐ, க்யூசிஐ-க்கு மேலே டிபிஐஐடி. நீங்கள் அமைச்சர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் குருகிராம் செக்டர் 44-இல் உள்ள என்ஏபிஎல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்குத்தான் போய்ச் சேரும். நேராக அங்கே எழுதியிருந்தால் முதல் வாரத்திலேயே போயிருக்கும்.

சரி, அமைச்சகம் "அந்த லேபின் அங்கீகாரத்தை ரத்து செய்" என்று உத்தரவு போட முடியாதா? போட்டால் என்ஏபிஎல்லுக்கே ஆபத்து. அங்கீகாரம் தரும் அமைப்புகள் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 17011 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 2017 பதிப்பு. வணிக, நிதி அழுத்தமோ வேறு எந்த அழுத்தமோ முடிவுகளைப் பாதிக்கக்கூடாது, லேபை நேரில் மதிப்பிட்டவரே அங்கீகார முடிவை எடுக்கக்கூடாது, அங்கீகாரம் தரும் அமைப்பு ஆலோசனை வேலை பார்க்கக்கூடாது என்றெல்லாம் அது கட்டுப்படுத்துகிறது. என்ஏபிஎல் இதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது டெல்லி அதிகாரிகள் அல்ல, வெளிநாட்டு அங்கீகார அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். ஆசிய பசிபிக் நாடுகளின் அங்கீகார அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பான அபாக் அதிகபட்சம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை குழு அனுப்பி, அலுவலகக் கோப்புகளைப் புரட்டும், லேப் ஆய்வுகளுக்குக் கூடவே போய்ப் பார்க்கும். அதில் தேறினால்தான், ஒரு நாட்டு லேப் ரிப்போர்ட்டை மற்ற நாடுகள் ஏற்கும் சர்வதேசப் பரஸ்பர ஏற்பு உடன்பாட்டில் கையெழுத்து நிலைக்கும். இந்தியா 2000-இலிருந்து அந்த உடன்பாட்டில் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டை ராட்டர்டாமில் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்றால் இந்தக் கையெழுத்தின் பலத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. லேப் நடத்துவதில் அரசே பெரிய கை. காசியாபாத்தில் தேசிய உணவு ஆய்வகம், பெங்களூரில் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம், மாநில உணவு ஆய்வகங்கள், பொதுப்பணித் துறைகளின் சிமெண்ட், கம்பி சோதனைக் கூடங்கள் என்று எல்லாமே அங்கீகாரம் கேட்டு வரிசையில் நிற்பவை. விண்ணப்பிப்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் ஒரே முதலாளி என்று ஆகிவிட்டால் தனியார் லேப்களும் நம்பாது, வெளிநாட்டாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் விலகி நிற்பது வேறு, சட்டமே இல்லாமல் விடுவது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 765/2008 விதிமுறைப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே அங்கீகார அமைப்புதான், அது லாபத்துக்கு இயங்கக்கூடாது, அரசு அதைச் சீராகக் கண்காணிக்கவேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நாட்டா 1947-இல் தொடங்கியது, உலகில் இந்த வேலையை முதலில் ஆரம்பித்த அமைப்பு. அரசோடு அதற்கு எழுத்துப்பூர்வமான புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது, யாருக்கு என்ன பொறுப்பு என்பது அதில் தெரியும். இந்தியாவில் நடந்ததோ வேறு மாதிரி. அமைப்புக்கென்று சட்டம் வரவில்லை, ஆனால் அதன் பெயர் சட்டங்களுக்குள் நுழைந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, "என்ஏபிஎல் அல்லது வேறு அங்கீகார அமைப்பு" ஏற்ற லேப்களை அறிவிக்கலாம் என்கிறது. கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில், தனியார் லேப் ஆர்டிபிசிஆர் செய்யவேண்டுமானால் என்ஏபிஎல் அங்கீகாரம் வேண்டும் என்று ஐசிஎம்ஆர் நிபந்தனை வைத்தது. டெண்டர்களில் கேட்கவே வேண்டாம், "என்ஏபிஎல் லேப் ரிப்போர்ட்" என்ற வரி இல்லாத ரோடு காண்டிராக்ட்டைப் பார்ப்பது அபூர்வம். இப்படி இலாகா இலாகாவாகக் கட்டாயமாக்கியபின், கட்டாயமாக்கிய அமைப்பை யார் எப்படிக் கேள்வி கேட்பது என்பதை மட்டும் எழுதாமல் விட்டது சரியல்ல என்பது என் கருத்து.

பணம் வரும் வழியையும் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், மதிப்பீட்டுச் செலவு எல்லாம் லேப்களிடமிருந்தே வருகின்றன. உலகம் முழுக்க ஏறத்தாழ இப்படித்தான். இதனால் ஒரு விளைவு உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஓர் அமைப்பின் கணக்கைத் தானாகக் கையில் எடுக்க, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, அரசு மானியமோ கடனோ 25 லட்சத்துக்குக் குறையாமலும் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். கட்டணத்தில் ஓடும் அமைப்பு இந்த வலையில் தானாக விழாது. அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி தனியாக ஒப்படைத்தால்தான் தணிக்கை வரும்.

இனி, அரசின் பிடி உண்மையிலேயே இருக்கும் இடத்துக்கு வருவோம். அது என்ஏபிஎல் மேல் இல்லை, லேப் மேல் இருக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ, பிஐஎஸ், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் ஆகியவை என்ஏபிஎல் அங்கீகாரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதற்கு மேல் தங்கள் சொந்த அங்கீகாரப் பட்டியலை வைத்திருக்கின்றன. உணவுக்கு 2018-ஆம் ஆண்டு ஆய்வக அங்கீகார, அறிவிக்கை ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. அதன்படி லேபை நிறுத்திவைக்கவும் பட்டியலிலிருந்து நீக்கவும் எஃப்எஸ்எஸ்ஏஐ-க்கு அதிகாரம் உண்டு. லேப்காரருக்கு என்ஏபிஎல் நோட்டீஸைவிட இந்த நோட்டீஸ்தான் அதிகம் உறைக்கும், ஏனென்றால் இது போனால் அன்றைக்கே வேலை போகும். எனவே "என்ஏபிஎல்லை மேற்பார்க்கும் துறை எது" என்று தேடுவதைவிட, "இந்த லேபை அறிவித்த கட்டுப்பாட்டாளர் யார்" என்று தேடுவது உங்களுக்குப் பயன் தரும்.

இனி உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுக்கு வருவோம். அங்கீகாரம் என்பது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. ஓட்டத் தெரியும் என்பதற்கு அது சாட்சி, இன்றைய பயணத்தில் இடிக்கமாட்டார் என்பதற்கு அல்ல. லேப்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன்படி வரும் அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் பொருள், எந்த அளவுரு, எந்த முறை, எந்த வரம்பு என்று வரிவரியாகக் கிடைக்கிறது. அந்த வரிகளின் தொகுப்புக்குத்தான் ஸ்கோப் என்று பெயர். நிலக்கடலையில் அஃப்லாடாக்சினுக்கு அங்கீகாரம் வாங்கிய லேப், மிளகாய்த்தூளுக்கு வாங்காமல் இருக்கலாம். என்ஏபிஎல் தளத்தில் லேபின் சான்று எண்ணைப் போட்டு ஸ்கோப் பிடிஎஃப்-ஐ இறக்கி, மசாலாப் பொருள்கள் என்ற வகைக்குக் கீழே அஃப்லாடாக்சினின் நான்கு வகைகளான பி1, பி2, ஜி1, ஜி2 இருக்கிறதா, பக்கத்தில் என்ன முறை போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏஓஏசி 999.07 என்று இருந்தால் அது மிளகாய் வகையான பாப்ரிகாவின் தூளுக்கும் சேர்த்து மதிப்பீடு செய்யப்பட்ட, நஞ்சை மட்டும் பிடித்துவைக்கும் இம்யூனோஅஃபினிட்டி குழாய் வைத்துச் சுத்தம் செய்து, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளக்கும் முறை. ரிப்போர்ட்டில் வேறு முறை எழுதியிருந்தால், அல்லது எலைசா என்ற விரைவுச் சோதனை கிட்டில் பார்த்துவிட்டு முத்திரை வைத்திருந்தால், அங்கேயே உங்களுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது.

சோதனை ரிப்போர்ட்டின் தலையில் யூஎல்ஆர் என்று ஒரு நீண்ட எண் இருக்கும். டிசி என்ற எழுத்துகள், லேபின் சான்று எண், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், கிளையைக் குறிக்கும் இலக்கம், ரிப்போர்ட் வரிசை எண், முடிவில் எஃப் அல்லது பி. பலர் கடைசி எழுத்தைக் கவனிப்பதே இல்லை. எஃப் என்றால் ரிப்போர்ட்டில் உள்ள சோதனைகள் எல்லாமே ஸ்கோப்புக்குள் வருபவை. பி என்றால் ஒரு பகுதிதான் ஸ்கோப்புக்குள், மற்றவை வெளியே. ஈரப்பதமும் சாம்பலும் ஸ்கோப்புக்குள் இருந்து, அஃப்லாடாக்சின் வெளியே இருந்தாலும் அந்த ரிப்போர்ட் முத்திரையோடுதான் வரும். ஸ்கோப்பில் இல்லாத வரிக்கு எதிரே குறி போட்டுக் கீழே சொல்லியிருக்கவேண்டும், அந்தக் குறிப்பு பொடி எழுத்தில் இருக்கும்.

வரம்பு விஷயத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவில் மிளகாய்க்கு மொத்த அஃப்லாடாக்சின் 10 மட்டுமல்ல, பி1 தனியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. மிளகாயில் பெரும்பாலும் வருவது பி1-தான். மொத்தம் 6 என்று சொன்ன "நல்ல" ரிப்போர்ட்டில் பி1 மட்டும் 5.4 என்று இருந்தால், அதுவும் அங்கே தோல்விதான். இரண்டாவது பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். உள்நாட்டில் மசாலாவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு மொத்தம் 30, பி1 15. அதன்படி இரண்டு ரிப்போர்ட்டுமே பாஸ். ஆகவே டெல்லியில் விற்பதற்கு இந்த லாட்டால் சட்டச் சிக்கல் இல்லை, பிரச்சினை ஏற்றுமதியில் மட்டும்தான்.

6-க்கும் 14-க்கும் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? இவ்வளவு குறைந்த செறிவில் இரண்டு நல்ல லேப்களுக்கிடையே எவ்வளவு சிதறல் இயல்பு என்பதற்குப் பகுப்பாய்வு வேதியியலில் ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது: சார்பு நியமவிலக்கம், அதாவது சராசரியோடு ஒப்பிட்ட சிதறல், சுமார் 22 சதவீதம். சராசரி 10 என்று வைத்தால் நியமவிலக்கம் 2.2. இரண்டு லேப் முடிவுகள் 95 சதவீதம் தடவை இதன் 2.8 மடங்குக்குள், அதாவது சுமார் 6-க்குள் வேறுபடலாம். உங்களுடையது 8. அளவைச் சிதறல் மட்டும் இதற்குப் போதாது, வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

முதல் சந்தேகம் மீட்புத் திருத்தம். தெரிந்த அளவு நஞ்சை மாதிரியில் சேர்த்து அளந்தால் முழுசாகத் திரும்பக் கிடைக்காது. மிளகாயின் நிறமும் எண்ணெயும் சுத்தம் செய்யும் குழாயை அடைத்து இன்னும் குறைக்கும். 70 சதவீதம் கிடைத்தது என்றால், சில லேப்கள் முடிவை 0.7-ஆல் வகுத்துத் திருத்திச் சொல்லும், சில திருத்தாமல் கச்சாவாகச் சொல்லும். 14 என்பது திருத்திய எண்ணானால் கச்சா எண் 9.8. அந்தப் பக்கம் 6 என்பது திருத்தாத எண்ணானால், 9.8-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் இயல்பான சிதறலுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு லேபிடமும் ஒரே வரியில் கேளுங்கள்: மீட்பு எவ்வளவு, திருத்தம் செய்தீர்களா, அளவை ஐயப்பாடு (எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது) எவ்வளவு? வரம்புக்கு அருகில் இருக்கும் முடிவுக்கு அளவை ஐயப்பாட்டைச் சொல்லவேண்டும் என்பது 17025 விதியே. "பாஸ்", "ஃபெயில்" என்று எழுதியிருந்தால் எந்தத் தீர்மான விதிப்படி என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்தது கருவி. பி1-உம் ஜி1-உம் நீர் கலந்த கரைசலில் ஒளிர்வு மங்கும். அதனால் எச்பிஎல்சி-யின் பிரிக்கும் குழாயைத் தாண்டியபிறகு புரோமின் செல்லிலோ புற ஊதா உலையிலோ மாற்றிவிட்டுத்தான் அளக்கிறார்கள். அந்த செல் சோர்ந்துபோனால் பி2-உம் ஜி2-உம் சரியாக இருக்க, பி1-உம் ஜி1-உம் மட்டும் குறைவாகக் காட்டும். நல்ல லேப் ஒவ்வொரு வரிசையிலும் நஞ்சின் அளவு முன்பே தெரிந்த, சான்றுபெற்ற மாதிரி ஒன்றையும் ஓட்டுவது இதைப் பிடிக்கத்தான்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் குற்றவாளி, அது லேப் வாசலுக்கு வெளியே இருக்கிறது. பூஞ்சை எல்லா வத்தலிலும் பரவியிருப்பதில்லை. ஆயிரத்தில் சில காய்களில் குவிந்திருக்கும். அரைத்தபின்னும் மூட்டைக்கு மூட்டை மாறும். மேல் மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம், அடி மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம் என்று எடுத்து இரண்டு லேபுக்குக் கொடுத்திருந்தால், அவர்கள் சோதித்தது ஒரே மாதிரியை அல்ல. மாதிரி வாடிக்கையாளர் கொடுத்ததானால், "பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்" என்ற வாசகம் ரிப்போர்ட்டில் இருக்கவேண்டும், இருக்கும். என்ஏபிஎல்லில் புகார் கொடுத்தால் லேப் முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான்.

இதெல்லாம் பார்த்தபின்னும் லேப் மேல் சந்தேகம் நிற்கிறது என்றால், புகார் ஒரு வரிசையில் போகவேண்டும். முதல் புகார் லேபுக்கே, மின்னஞ்சலில். 17025-இன் 7.9-ஆம் பிரிவுப்படி, புகாரைக் கையாளும் நடைமுறையை யார் கேட்டாலும் லேப் தரவேண்டும், புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவேண்டும், அந்தச் சோதனையில் சம்பந்தப்படாத ஒருவர் முடிவை ஆராயவேண்டும். உங்கள் கடிதத்தில் ரிப்போர்ட் எண், மாதிரி கொடுத்த தேதி, மீதி மாதிரியை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும் என்ற கோரிக்கை, அந்த நாளின் தரக்கட்டுப்பாட்டுப் பதிவுகள், அதே அளவுருவில் அவர்கள் கடைசியாகக் கலந்துகொண்ட திறன் சோதனையின் (பல லேப்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி ஒப்பிடுவது) இசட் ஸ்கோர் ஆகியவை இருக்கட்டும். இசட் ஸ்கோர் 2-க்குள் இருந்தால் திருப்தி, 2-க்கும் 3-க்கும் நடுவில் கேள்விக்குறி, 3-ஐத் தொட்டால் தோல்வி. மீதி மாதிரி விஷயத்தில் தாமதிக்கவேண்டாம். வைத்திருக்கும் காலம் முடிந்ததும் கழித்துவிடுவார்கள், அதன்பிறகு எல்லாமே வாய்ப்பேச்சு.

லேப் மழுப்பினால்தான் என்ஏபிஎல். அங்கே "ரிசல்ட் தப்பு" என்று எழுதாதீர்கள். எந்த விதி மீறப்பட்டது என்று எழுதுங்கள்: ஸ்கோப்பில் இல்லாத சோதனைக்கு முத்திரை, எழுதிய முறைக்கும் செய்த முறைக்கும் வேறுபாடு, புகாருக்குப் பதிலே தராதது, கையெழுத்திட அதிகாரம் இல்லாதவர் கையெழுத்திட்டது. முத்திரைப் பயன்பாட்டுக்கு என்ஏபிஎல் 133 என்ற ஆவணம் இருக்கிறது, திறன் சோதனைக்கு 163. அதைப் படித்துவிட்டு எழுதுகிறவரின் புகாரை அங்கே ஒதுக்குவது கடினம். என்ஏபிஎல் விளக்கம் கேட்கலாம், சிறப்பு ஆய்வுக்குப் போகலாம், ஸ்கோப்பில் ஒரு வரியையோ முழு அங்கீகாரத்தையோ நிறுத்திவைக்கலாம், பறிக்கலாம். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மாற்றுவதும், உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதும் அதன் வேலை அல்ல. முத்திரையே போலி என்றால் விஷயம் வேறு. என்ஏபிஎல்லுக்கும் எழுதி, மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் போலீஸிலும் கொடுக்கலாம்.

லேப் எஃப்எஸ்எஸ்ஏஐ பட்டியலில் இருந்தால், அதே கடிதத்தின் நகல் எஃப்எஸ்எஸ்ஏஐ-க்கும் போகட்டும். உங்களுடையது நீங்களே கொடுத்த மாதிரி. உணவுப் பாதுகாப்பு அதிகாரி எடுத்த மாதிரியாக இருந்தால் பாதை முற்றிலும் மாறும். அப்போது மாதிரி நான்கு பங்காகும். நீங்கள் கேட்டால் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பவேண்டும். ஆய்வாளர் ரிப்போர்ட்டை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்து ரெஃபரல் லேபுக்குக் கொண்டுபோகலாம், அங்கே வருவதே இறுதி. தானாகக் கொடுத்த மாதிரிக்கு இந்த உரிமை கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அதிகாரியிடம் போய் நிற்பவர்கள் நிறையப் பேர்.

டிபிஐஐடி-க்கு எப்போது போகலாம் என்றால், குறை லேப் மேல் இல்லாமல் என்ஏபிஎல் நடந்துகொண்ட விதத்தின் மேல் இருக்கும்போது. புகாருக்கு மாதக்கணக்கில் பதில் இல்லை, ஆய்வுக்கு வந்த மதிப்பீட்டாளர் போட்டி லேபில் வேலை பார்க்கிறவர், மேல்முறையீட்டை அதே ஆளே விசாரித்தார் என்பவையெல்லாம் இதில் வரும். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். 2024-இல் வந்த வழிகாட்டுதல்படி 21 நாளுக்குள் தீர்க்கவேண்டும். "உரிய அமைப்புக்கு அனுப்பப்பட்டது" என்று மூடிவிட்டால், தளத்திலேயே மேல்முறையீடு உண்டு. மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். தேதி வாரியாக நடந்ததைச் சொல்லி, என்ஏபிஎல் தந்த புகார் எண்ணைப் போடுங்கள். அந்த எண் இல்லாத மனு திரும்பக் கீழேதான் வரும்.

மனுவைவிடக் கூர்மையான கருவி தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள், இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்கவேண்டும். டிபிஐஐடி-யின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, கடந்த இரண்டு நிதியாண்டில் என்ஏபிஎல் தொடர்பாக வந்த புகார்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் முடிக்கப்பட்ட தேதி, க்யூசிஐ-யோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பவேண்டும். லேபின் மதிப்பீட்டு அறிக்கையை முழுசாகக் கேட்டால் வணிக ரகசியம் என்று 8(1)(டி)-யைக் காட்டுவார்கள். நிறுத்திவைத்த உத்தரவு, தேதி, பாதித்த ஸ்கோப் வரிகள் என்று பிரித்துக் கேட்டால் மறுப்பது அவ்வளவு சுலபமல்ல. டெல்லியில் மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கட்டும், தமிழில் எழுதினால் மொழியைக் காரணம் காட்டித் திருப்புவார்கள். முதல் மேல்முறையீட்டுக்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். முனிர்காவில் பாபா கங்நாத் மார்க்கில் இருக்கிறது, ஆர்.கே.புரத்துத் தமிழர்களுக்குத் தெரிந்த இடம்தான்.

உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். கிரிக்கெட் வாரியம் அரசியல் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி அரசு அல்ல, ஆனாலும் பொதுக் கடமை செய்வதால் 226-ஆவது பிரிவில் ரிட் செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தர்க்கம் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கும் கைகொடுக்கும். ஆனால் நீதிபதி நடைமுறையைத்தான் பார்ப்பார், 6 சரியா 14 சரியா என்று பார்க்கமாட்டார். நுகர்வோர் ஆணையத்தில் வணிக நோக்கம் என்ற தடை இருக்கிறது. சுயதொழில் பிழைப்புக்கு என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள். என்ஏபிஎல்லின் நடைமுறையே 17011-க்கு முரண் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் அபாக்குக்கும் எழுதலாம், அங்கேயும் உள்ளூர்ப் படிகளை முடித்துவிட்டீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

என்ஏபிஎல்லை மறுபடி அமைச்சகத்தின் கீழ் கொண்டுபோகவேண்டும் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அறிவியல் துறையின் கீழ் இருந்தபோதும் இரண்டு லேப் இரண்டு எண் சொன்னதுண்டு. சொல்லாமல் போகும் திடீர் ஆய்வுகள் எத்தனை, அதில் சிக்கியவை எத்தனை, புகார் முடிய எடுத்த நாள்கள் எத்தனை, எந்த விதிக்காக நிறுத்திவைக்கப்பட்டது என்பதை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்று டிபிஐஐடி எழுத்தில் நிபந்தனை வைத்தாலே பாதி வேலை முடியும். டெண்டர் எழுதும் பொறியாளர்களும் "என்ஏபிஎல் லேப்" என்று மொட்டையாகப் போடாமல், "இந்தச் சோதனை ஸ்கோப்பில் உள்ள லேப்" என்று போடவேண்டும்.

இதற்கிடையே உங்கள் லாட் கோடவுனில் நிற்கிறது. மூட்டை எல்லாவற்றிலும் மேல், நடு, அடி என்று நூறு நூறு கிராமாக எடுத்து ஒன்றாகக் கொட்டி, நன்றாகக் கலந்து, முடிந்தால் மறுபடி அரைத்து, அந்த ஒரே குவியலை நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத உறையில் போட்டு, தேதியும் கையெழுத்தும் குறுக்கே வரும்படி சீல் வைத்து, ஒன்றை உங்களிடம் குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் பழைய இரண்டு லேபுக்கும், வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது லேபுக்கும் போகட்டும். முறை ஏஓஏசி 999.07, முடிவு மீட்புத் திருத்தத்தோடு, அளவை ஐயப்பாட்டோடு வேண்டும், பி1 தனியாக வேண்டும் என்று கோரிக்கைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். மூன்றாவது லேபின் பெயரை வாங்குபவரிடம் மின்னஞ்சலில் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு அனுப்புங்கள். ரிசல்ட் வந்தபிறகு பேச ஆரம்பித்தால் அவருக்குச் சாதகமான எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்.